இரண்டாம் பொத்தான்

புது மாடல் எது வந்தாலும் சந்தானகோபால் ஒரு குறையாவது சொல்லாமல் விடமாட்டார். "ஆளுக்கொரு பொத்தான்ல அளவைப் பதிஞ்சு வெச்சா, அழுத்தினதும் சீட்டு தானா மாறிக்குமாம்! எதுக்குய்யா அதெல்லாம்? என் கார்லயும்தான் இருக்கு. ஆறு வருஷமா என்னைத் தவிர ஒருத்தர் ஓட்டினதில்ல," என்று கார் ஜன்னலருகே நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் சலித்துக்கொண்டே, தான் தொட்டேயிராத இரண்டாம் பொத்தானை அழுத்தினார். இருக்கை முன்னால் நகர்ந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும்வரை நகர்ந்தது. பக்கக் கண்ணாடிகள் தாமாகக் குனிந்து, அவரைவிட ஓரடி குள்ளமான யாருக்கோ சரியாக நின்றன. ஒர்க்‌ஷாப்பில் எவனாவது? அங்கே வண்டியைவிட்டு அவர் நகர்ந்ததே இல்லையே. குழம்பிப்போய்ப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். ஸ்டியரிங் என்றாலே கை நடுங்கும் என்று சொல்லும் மனைவி மங்கை, எதிரே சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அதைக் கலைச்சிடாதீங்க."