உள்பக்கத் தேய்மானம்

கேட்டைத் தாண்டும்போதே அந்தக் கார் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டுதான் வந்தது.

“வந்துட்டாருய்யா தரைமட்டத் தளபதி,” என்றார் வீல் அலைன்மெண்ட் பட்டறை மேஸ்திரி, யாரிடம் என்றில்லாமல்.

ஓட்டி வந்தவன் இறங்கி வணக்கம் வைத்தான். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பார்த்து நம்பர் சொல்கிற வேலை. நகமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று மேஸ்திரியின் மகள் வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அவளும் கூடவே வந்திருந்தாள். ஆனால் கேட்டுக்கு வெளியே இறங்கி அங்கேயே நின்றுகொண்டாள். பட்டறைக்குள் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்பது அப்பா போட்ட சட்டம்.

மற்றவர்களென்றால் பையனின் சம்பளத்தை விசாரிப்பார்கள். மேஸ்திரி டயரைப் பார்ப்பார். ஆள் பொய் சொல்வான், டயர் சொல்லாது என்பார். காரைக் கொண்டுவரச் சொல், பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். முடிவு முடியாது என்பதுதான், அது அவருக்கு எப்போதோ தெரியும். காரணம்தான் வேண்டியிருந்தது.

லிஃப்டில் கார் மேலே ஏறியது. காரணம் கொட்டிக் கிடந்தது.

முன் டயர் இரண்டும் வெளிப்பக்கம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. உள்பக்கம் வழுக்கை. தடவிப் பார்த்தால் கம்பி கையில் குத்தியது.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். அன்றைக்கே அலைன்மெண்ட் பார்த்து நேராக்காவிட்டால், ஓடுகிற ஓட்டமெல்லாம் டயரின் உள்விளிம்பில்தான். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாமல் இறக்கியிருக்கிறான் மகராசன்! இதில் நாளைக்கு மகளை ஏற்றிக்கொண்டு போவான். நடுரோட்டில் டயர் வெடிக்கும்.

“யாரு இறக்கினது?”

பையன் கேட் பக்கம் ஒரு முறை பார்த்தான்.

“நான்தான் மாமா.”

மாமாவாம்! பெண்ணைக் கொடுக்கிறேன் என்று இவர் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் முறை வைத்தாயிற்று.

“சக்கரம் சாய்ஞ்சு கிடக்கிறது உன் கண்ணுக்கே தெரியல. நீ ஊருக்குக் கண்ணு பார்க்கிற. வெளங்கிடும்! இதை உனக்குக் கத்துக்கொடுத்த அரைவேக்காடு எவன்?”

“யாரும் கத்துக்கொடுக்கல மாமா. பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.”

பார்த்தே கத்துக்கிட்டானாம். பெரிய கொம்பன். மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, இந்தத் தறுதலையையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்க இது ஒன்றே போதும். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, டார்ச்சை உள்ளே அடித்தார்.

ஸ்பிரிங்கில் வெட்டு சுத்தமாக இருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

வெட்டிய முனையில், இரும்போடு இரும்பு உரசிக் கத்தாமல் இருக்க, ஒரு துண்டு ரப்பர் ஹோஸ். அதன்மேல் செம்புக் கம்பிக் கட்டு. முறுக்கிய நுனியை உள்பக்கமாக மடித்து ஹோஸுக்கு அடியில் செருகியிருந்தது. பின்னால் கை வைக்கிற ஆளின் விரலைக் கிழிக்கக்கூடாது என்பதற்காக.

டார்ச் பிடித்த கை அப்படியே நின்றது.

அவர் அறிந்து அப்படிச் செருகுகிற ஆள் ஒருவர்தான். அவரேதான். பட்டறை ஆட்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஒருவனும் செய்ததில்லை. நுனியைத் துருத்திக்கொண்டே விட்டுவிட்டுக் கைகழுவப் போய்விடுவார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருத்தி உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஆயில் டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். எழுதியதைவிட அவர் கையைப் பார்த்ததுதான் அதிகம். வயசுப் பெண் ஆனதும், போதும், இனிமேல் இங்கே வராதே என்று அவர்தான் விரட்டினார். அலைன்மெண்ட் மெஷின் வாங்கியது அதற்குப் பிறகுதான். அதை அவள் கிட்டேபோய்ப் பார்த்ததே இல்லை.

மேஸ்திரி ஒரு துண்டு ஹோஸையும் கம்பியையும் எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

“நீதானே செஞ்சே? கட்டிக் காட்டு.”

வாங்கினான். சுற்றினான். கம்பி ஒரு பக்கம் போயிற்று, ஹோஸ் ஒரு பக்கம் போயிற்று. நுனி விரலில் ஏறி ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, “நான்தான் மாமா,” என்றான் மறுபடியும்.

பயலுக்கு ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்ல வரவில்லை. ஆனாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறான். இத்தனை பேச்சையும் அவளுக்காக வாங்கிக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி நிற்கிறான்.

மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. அரைவேக்காடு என்று யாரைத் திட்டினோம் என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது. அதை இந்தப் பயல் முன்னால் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. மூக்கை உறிஞ்சினார். கழற்றிய சக்கரத்தைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

பிறகு கேட்டைப் பார்த்துக் கத்தினார்:

“அங்க நின்னு என்னடி வேடிக்கை? வெட்டினவதானே நேராக்கணும்? உள்ள வா, மெஷினைக் காட்டுறேன்.”