மொத்தப் பின்

அம்மா அண்ணியின் ஹெட்போன் ஒயரை நறுக்கிவிட்டாள்.

நான் கண்ணால் பார்த்தேன். ஜாக்கெட் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். ஒரே நறுக்கு. நுனியிலிருந்த பின் தனியாக விழுந்தது. அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு, "பாண்டி பஜார் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பெற்ற அம்மாவானால் என்ன, அநியாயம் அநியாயம்தானே? அண்ணி குளித்துவிட்டு வந்ததும் சொல்லிவிட்டேன்.

அண்ணி தலை துவட்டிய துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் இனாயத் அண்ணன் குவைத்தில் இருக்கிறான். கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள் ஒரு டேப் ரெக்கார்டரை வீட்டில் வைத்துவிட்டு விமானம் ஏறினவன். கடிதம் எழுத அவனுக்குச் சோம்பல். கேசட்டில் பேசி அனுப்புவான். நேற்று அவன் சிநேகிதர் அப்துல் கய்யூம் ஒரு கேசட்டும் புது ஹெட்போனும் கொண்டுவந்து கொடுத்தார். இன்று சாயங்காலம் வந்து அண்ணி பேசிய பதிலை வாங்கிக்கொண்டு பம்பாய் ரயில் ஏறிவிடுவார். அவரை விட்டால் அடுத்த ஆள் எப்போது போவாரோ, யாருக்குத் தெரியும்?

ஏ பக்கம் முழுக்க ஊருக்கே சலாம். பக்கத்துப் போர்ஷன் பேச்சியம்மாள் அக்காவின் முட்டிவலி வரைக்கும் விசாரித்திருந்தான். கடைசியில், "நஸ்ருன்னிசா, பி பக்கம் உனக்கு மட்டும். ஹெட்போன் போட்டுக்கிட்டுக் கேளு" என்றான்.

போட முடிந்தால்தானே? ஹெட்போன் பின் பென்சில் மொத்தம். டேப் ரெக்கார்டரில் அதற்கான ஓட்டை பேனா ரீஃபில் மொத்தம். பெட்டியை ஒரு கடையில் வாங்கி, ஹெட்போனை இன்னொரு கடையில் வாங்கினால் இப்படித்தான். ஒன்று இன்னொன்றில் நுழையுமா என்று பார்க்க அண்ணனுக்குத் தோன்றவே இல்லை.

"சும்மா சத்தமா போடும்மே! நாங்க இன்னா வேத்து ஆளா?" என்றாள் பேச்சியம்மாள் அக்கா.

அம்மாவும் விடவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாம அப்படி இன்னா பேச்சு? போடு, கேப்போம்."

அண்ணி கேசட்டை வெடுக்கென்று பிடுங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அப்போதிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை.

இப்போது இந்த நறுக்கல்.

"நான் தனியா கேக்கிறது மாமிக்குப் பொறுக்கல. அதான்" என்றாள் அண்ணி.

"அழுவாதே அண்ணி. பொன்னுரங்கம் கடையில வேற பின் போட்டுத் தருவாரு. கிளம்பு. அம்மாவை வழியில பார்த்தா நான் நாலு கேள்வி கேக்கிறேன்."

"வேணாம் ஹாஜிரா. பெரியவங்க."

"பெரியவங்கன்னா? கத்தரிக்கோல் எடுத்துடலாமா?"

டேப் ரெக்கார்டர், ஹெட்போன், கேசட் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

பொன்னுரங்கம் ரேடியோ கடைப் படி ஏறும்போதே அவர் சிரிப்பு கேட்டது.

"பாயம்மா! இது இன்னா ஜாக்கெட் துணியா? சாம்பிளுக்கு ஒரு பிட்டு நறுக்கிக்கினு வந்துகீறீங்க!"

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கையில் அந்த மொத்தப் பின்.

"நூல் கடையில பிட்டைக் காட்டித்தானே கேக்கிறோம்? இதே மாதிரி வேணும். ஆனா சன்னமா. ரீஃபில் போவுற ஓட்டையில போவணும்."

"பின்னை மட்டும் வச்சுக்கினு நான் இன்னா பண்றது? இத பாருங்க, இதுல மூணு துண்டு கீது. வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு. உங்க பெட்டி ஓட்டைக்கு ரெண்டே துண்டுதான். ஒயரை நான் பார்த்துச் சேர்த்துப் பத்த வைக்கணும். ஏனோதானோன்னு வச்சா ஒரு காதுதான் பேசும்."

"ஒரு காது ஆவாது. ரெண்டும் நல்லா பேசணும். சாயங்காலத்துக்குள்ள வேணும் நைனா."

நான் தயாராக வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணிதான் முன்னால் போய்ப் பையை மேஜைமேல் வைத்தாள்.

அம்மா திரும்பினாள். எங்களைப் பார்த்ததும் என் பக்கம் பாய்ந்தாள். "ஈரத் தலையோட அவளை எதுக்குடி வெயில்ல இழுத்துக்கினு வந்தே?"

பொன்னுரங்கம் கால் மணியில் ஒயரைச் சீவி, ஈயம் பற்ற வைத்து, சன்னப் பின்னை மாட்டினார். சோதித்துப் பார்க்கக் கேசட்டின் ஏ பக்கத்தைப் போட்டார்; பெட்டியில் அண்ணன் ஊருக்கு சலாம் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னை நுழைத்ததும் கப்சிப். அண்ணி ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரியான சைஸ் பின் நுழைஞ்சா ஸ்பீக்கர் தானா நின்னுடும்" என்ற பொன்னுரங்கம், அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உள்ள ஒரு ஒயரை மாத்திட்டா ஸ்பீக்கரும் சன்னமா பேசும், பாயம்மா. பெத்த மனசு. நீங்களும் கேட்டுக்கலாம். பண்ணட்டா?"

அண்ணி ஹெட்போனைக் கழற்றினாள். "பண்ணுங்கண்ணே. மாமியும் கேக்கட்டும்."

அம்மா டேப் ரெக்கார்டரை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்பா. இருக்கிறது ஒரே ரூமு. தையல் மிஷினை எவ்ளோ வேகமா ஓட்டினாலும் என் காது அவன் குரல்கிட்டதான் போவும். எனக்கு ஒரு சொல்லுகூட கேக்கக் கூடாதுன்னுதானே ஓடியாந்தேன்."