பூசணிப் பியருக்கு நாலேகால்

அவன் கண்ணாடிக் குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசி அவனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"வணக்கம். நான் கஜரூபன். இண்டைக்கு இலையுதிர்காலப் பியர். இஞ்ச உள்ள சின்ன ஆலை ஒண்டு, வருசத்தில இந்த ஒரு மாசம் மட்டும் காய்ச்சுறது. பூசணிக்காய் போட்டது."

அவன் மனைவி சாம்பவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கனடாவின் ஸ்காபரோவில் மரங்கள் எல்லாம் சிவந்துவிட்ட சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் இதுதான். அவன் பியர் குடிப்பான், ருசி சொல்லுவான், புள்ளி போடுவான். அதை இணையத்தில் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

மணந்தான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான்.

"முதல்ல கறுவாப்பட்டை. பிறகு கராம்பு. கருகின சீனியின்ர மணம்."

அவள் ஒரு துவாயை எடுத்தாள்.

"விழுங்கேக்க ஒண்டும் தெரியாது. விழுங்கின பிறகுதான் கைப்பு வருது. ஆறுதலா வந்து, போகாமல் நிக்குது. எப்பிடிச் சொல்ல... ஒரு இழப்பு மாதிரி."

துவாய் அவள் கையில் அப்படியே இருந்தது.

இழப்பு.

அந்தச் சொல் அவனிடம் இருந்திருக்கிறது.

ஜூனில், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், அவள் வயிற்றில் இருந்த பிள்ளையின் இதயம் நின்றுபோனது. அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். எல்லாம் முடிந்து, வெறும் வயிற்றோடு அவள் காரில் ஏறினாள்.

"பெற்றோல் அடிக்கோணும்," என்றான்.

அவ்வளவுதான். அன்றைக்கும், அதற்குப் பிறகும்.

அவள் அழுதபோதெல்லாம் எழுந்து வெளியே போனான். சொல்லத் தெரியாத மனுசன், அவர் அப்படித்தான் என்று அவளே தன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள்.

"ஐஞ்சுக்கு நாலேகால்," என்றான் அவன், தொலைபேசியைப் பார்த்து.

அவள் மேசைக்கு வந்தாள். குவளையை அவன் கையிலிருந்து பறித்தாள்.

"சாம்பவி, ரெக்கோட் ஆகுது."

"ஆகட்டும்."

குடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரே மூச்சில், அடிவரை.

கறுவா. கராம்பு. பிறகு, அவன் சொன்ன மாதிரியே, கைப்பு. நாக்கின் அடியில் வந்து நின்றது. போகவில்லை.

அவன் சொன்னது சரி. அச்சொட்டாகச் சரி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இதுக்கு இவ்வளவு சொல்லத் தெரியுது, என்ன?" அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "கறுவா தெரியுது, கராம்பு தெரியுது. என்ர பிள்ளைக்கு ஒரு சொல் இல்லை. பெற்றோல்! பெற்றோல் எண்டு சொன்னனீங்கள்!"

"ஏன் இப்ப கத்துறீர்..."

குவளையை மேசையில் ஓங்கி வைத்தாள். அதன் மெல்லிய தண்டு முறிந்தது.

அவன் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். பொறுக்காமல் நிமிர்ந்தான்.

"அது... ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் காரை எடுத்துவரப் போயிருந்தபோது தாதி சொன்னாள். அவன் கேட்பான், கேட்பான் என்று இவ்வளவு நாளும் அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். கேட்கும் நாளில் அவன் தோளில் சாய்ந்து அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தாள்.

இப்போது அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

எதிரே இருந்த கதிரையை இழுத்தாள். உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னாள்.