அவன் எண்ணில் வேறொருவர்

ரிங் போய்க்கொண்டிருந்தது.

போன் திரையில் ஜெபராஜ் சிரித்தான். குற்றாலத்தில் எடுத்த படம், தலை சொட்டச் சொட்ட. அவன் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அந்த எண்ணை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நான்காவது ரிங்கில் எடுத்தார்கள்.

“அலோ, ஆரு?”

வயதான, கரகரத்த குரல். பின்னால் ஏதோ வண்டியின் இரைச்சல்.

தெரிந்துதான் கூப்பிட்டாள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறு யாருக்காவது போயிருக்கும் என்று போன் கம்பெனியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் கணவனின் எண்ணில் இன்னொரு குரல் கேட்டதும் திரையை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பெயர் கேட்டாள். கொம்பையா என்றார். கோவில்பட்டியில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறாராம். இந்த சிம் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம்.

அண்ணாச்சி என்று ஆரம்பித்தவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவள் கணவன் ஒரு இணையதளம் நடத்தினான். மாவட்டத்தில் யார் யார் ரத்தம் கொடுப்பார்கள், என்ன வகை, எந்த ஊர் என்கிற பட்டியல். ஒன்பது வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்தது. பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன் போனில் தேடினால் கால்மணி நேரத்தில் ஆள் வந்து நிற்கும்.

இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தளத்தில் அவன் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். அந்தத் தளத்தின் பெயரை வாங்கி வைத்திருக்கும் டொமைன் கணக்கில் மாற்ற மறந்துபோனாள். அந்தக் கணக்குக்கான ஓடிபி இன்னும் இந்த எண்ணுக்குத்தான் போகிறது.

யாரோ ஒருவன் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டான். மூன்று நாளாக உள்ளே நுழையப் பார்க்கிறான். எச்சரிக்கை மெயில் மேல் மெயிலாக வருகிறது.

நுழைந்துவிட்டால் பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ரத்தம் தேடி வருகிறவர்கள் நேராக அவன் கையில் போய் விழுவார்கள். முதலில் பணம் அனுப்புங்கள், ஆள் கிளம்பிவிட்டார் என்பான். பதறி நிற்கிறவர்கள் அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யாரும் வரமாட்டார்கள்.

“இப்ப உங்களுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும் அண்ணாச்சி. அத மட்டும் சொல்லுங்க. நான் பாஸ்வேர்ட மாத்திருதேன்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்ப்பது தெரிந்தது.

“வந்திருக்கும்மா,” என்றார். “ஆனா சொல்ல மாட்டேன். ஆரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காவ.”

கெஞ்சினாள். கல்யாணப் படம் அனுப்புகிறேன் என்றாள். இறப்புச் சான்றிதழ் அனுப்புகிறேன் என்றாள். அனுப்பினால் எனக்கு என்னம்மா தெரியும் என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஊரில் எத்தனை பேர் கேட்ட மாத்திரத்தில் ஓடிபியை ஒப்பித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கென்று பார்த்து இப்படி ஒரு மனுஷன் வாய்க்க வேண்டுமா.

வேறு வழி இல்லாமலில்லை. டொமைன் நிறுவனத்துப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் அனுப்பினால் பத்து நாளில் கணக்கை அவள் பெயருக்கு மாற்றித் தருவார்கள். அதற்குள் சரியான ஓடிபியோடு யார் வந்தாலும் தடுக்க முடியாது.

பத்து நாள் யாரை நம்பி இருப்பது?

“பெரிய மனுஷன் நீங்க. ஒரு பொம்பள இவ்வளவு தூரம் கேக்கேன். கொஞ்சங்கூட இரக்கமில்லையா?”

அவர் வண்டியை ஓரம் கட்டினார். இரைச்சல் நின்றது.

“கோவிச்சுக்கிடாதீங்கம்மா. நேத்து ஒருத்தர் ரெண்டு தடவ கூப்பிட்டாரு. அவரும் இந்த ஆறு நம்பரத்தான் கேட்டாரு.”

அவள் எழுந்து நின்றாள்.

“யாருன்னு சொன்னார்?”

“ஜெபராஜுன்னு சொன்னாரு. இது அவரு பழைய நம்பராம். வீட்டுக்காரி ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டாளாம்.”

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். அது சரியாக வந்து அவளைக் குத்தியது. இனி அதில் யார் பேசப்போகிறார்கள் என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டது அவள்தான்.

“அழுதாரும்மா. ஆம்பள அழுதா எனக்குத் தாங்காது. இன்னைக்கு நீங்க கூப்பிடுதீங்க. ரெண்டு பேர்ல ஆரு நெசம்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க? அதான் ரெண்டு பேருக்கும் சொல்லல.”

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று நாளாக அந்தத் திருடனை வெளியே நிறுத்தி வைத்திருந்தது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அதைத்தான் இவ்வளவு நேரம் உடைக்கப் பார்த்திருக்கிறாள்.

“அண்ணாச்சி.”

“சொல்லுங்கம்மா.”

“இன்னும் பத்து நாள். எத்தனை நம்பர் வந்தாலும் யாருக்கும் சொல்லாதீங்க. அவன் மறுபடி கூப்பிடுவான். பொம்பளையக்கூடப் பேச விடுவான். நானே கூப்பிட்டு அழுதாலும் சொல்லிராதீங்க.”

“அழுதா கஷ்டமாத்தாம்மா இருக்கும்,” என்றார். “ஆனா சொல்ல மாட்டேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஜெபராஜை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட இப்படி அழவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அழுதாள்.

அவர் போனை வைக்கவுமில்லை. நம்பரைச் சொல்லவுமில்லை.