விளக்குக்குக் கீழே

முரானோ தீவின் கண்ணாடிப் பட்டறை. மாடியறை உத்தரத்தில் தொங்கும் புது விளக்கைப் போட்டுவிட்டு, அத்தீலியோ மேஸ்திரி அதற்கு நேர் கீழே போய் அண்ணாந்து நிற்கிறார். கவிழ்த்த கிண்ணம் போன்ற பெரிய பால்வெள்ளைக் கண்ணாடி. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி ஆரஞ்சுக் கோடுகள். வெளிச்சம் அவற்றில் ஊறி அவருடைய வழுக்கையில் தேனாக வழிகிறது. இதற்கு முன் அவர் ஊதிச் செய்த கண்ணாடி சூளையிலேயே வெடித்துப்போனது. இது நாளைக் காலை படகேறி மிலானுக்குப் போக வேண்டும். பல்பு மாட்டும் நோர்மா சுவரோரம் நின்று ஏப்ரன் நுனியைக் கசக்குகிறாள். காலையில் கழுவும்போது கண்ணாடியைத் தண்ணீர்க் குழாயில் லேசாக இடித்துவிட்டாள். தடவிப் பார்த்தாள், கீறல் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் சூடு பிளந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பல்புகள் எரியத் தொடங்கிப் பத்து நிமிஷமாகிறது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேஸ்திரி."

"ஏன், நான் ஊதினது என்னையே கடிச்சிடுமா?"

மேலே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"விளக்கைப் பிடிச்சிருக்கிற பித்தளை சூடேறுது, வேறொண்ணுமில்ல" என்று அவர் சிரிக்கிறார். இன்னொரு 'டிக்'.

"காலையில குழாய்ல இடிச்சுட்டேன் மேஸ்திரி. பயத்துல சொல்லல. இந்தப் பக்கம் வந்துடுங்க!"

சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் அவர் விலகவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கைகளை விரித்து ஏந்துகிறார்.

"நீ போய் அணை. மெதுவா போ."

சுவிட்சு அறையின் மறுகோடியில் இருக்கிறது. பலகைத் தரை; ஓடினால் விளக்கு அதிரும். நோர்மா நடக்கிறாள்.