பனை மேலே நாற்பது வீடு

ஒத்தைப் பனையில் ஒரு கள்ளுக் கலயம் தொங்கியது. பொழுது சாய்ந்தால் மரநாயும் அணிலும் அங்கே கூடும். வாய் வைக்குமுன் அன்றைய சேதி ஒன்றைச் சொல்லவேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஒருநாள் தூக்கணாங்குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. "இங்க நாப்பது வீடு கட்டப்போறோம். குஞ்சு தவறிக் கலயத்துல விழுந்துடும், கலயத்தை அறுத்து விடணும்" என்றது மூத்த குருவி.

"தோப்புல நூறு மரம் சும்மாதானே நிக்குது தம்பி?" என்றது மரநாய்.

"கள்ளு மணக்கிற வாய்க்கு வீட்டோட அருமை என்ன தெரியும்?" என்றது குருவி.

"எனக்குக் கள்ளே ஆகாதுப்பா. சேதி கேக்கத்தான் வாரேன்" என்றது அணில்.

மரநாயும் அணிலும் மூன்று நாள் கலயத்தைக் கட்டிக்கொண்டு காவல் கிடந்தன. நாலாம் நாள் பசி தாங்காமல் இரை தேடிப் போனதும், குருவிகள் கலயக் கயிற்றைக் கொத்தி அறுத்துவிட்டன. அணில் மனசு வெறுத்து வேறு ஊருக்குப் போய்விட்டது.

மரநாய்க்கு மட்டும் பொழுது சாய்ந்ததும் கால் அங்கேயே இழுத்தது. மேலே நாற்பது வீடும் வாசலடைத்துக் கிடந்தன. கீழே விழுந்து உடைந்த கலயத்தின் ஓட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஆத்துல புதுத்தண்ணி வந்துச்சு" என்றது, யாருமில்லாத இடத்தைப் பார்த்து.

சற்று நேரம் கழித்து மூத்த குருவி வெளியே தலை நீட்டியது.

"அப்புறம், அண்ணே?"