கடைசி அறைக் கிருமி

டாக்டர் கனகாம்பாள் ரிப்போர்ட்டோடு வராந்தாவில் வருவது தெரிந்ததும், அப்துல் ஹலீம் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

இன்றைக்கு விடுதலை. இந்தத் தடவை பரிசோதனைக்குப் போன பாட்டில் சுத்தமானது. அதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

வில்லியனூரைத் தாண்டி இருந்த அந்தப் பக்கவாத ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பொது வார்டு. பாகூர் மளிகைக் கடைக்காரரான அவருக்கு மட்டும் வராந்தாக் கோடியில் தனி அறை, கதவில் சிவப்புத் துணி. மந்திரி வந்து படுத்தாலும் இந்த மரியாதை கிடைக்காது.

மரியாதை அவருக்கல்ல. அவர் மூத்திரத்தில் குடியிருந்த கிருமிக்கு.

அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்தில் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த ஊசி மருந்தையெல்லாம் தின்றுவிட்டு, வேறென்ன இருக்கிறது என்று கேட்ட கிருமி அது. சோரியாங்குப்பத்துப் பக்கிரி தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தும் சாகாதவர். பொது வார்டில் இந்தக் கிருமி தொற்றிச் செத்துப்போனார். அதன் பிறகுதான் சிவப்புத் துணி.

துணி தொங்கும்வரை நடை பழகும் கூடத்துக்குள் ஹலீம் போக முடியாது. அங்கே இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் நடைப் பயிற்சி கொடுக்கும் இன்னாசிமுத்து அவரை எட்டு வைக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். இப்போது கால் கட்டிலில் கிடந்து விறகாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று, சன்னலுக்கு வெளியே நின்றபடி இன்னாசிமுத்து ரொம்ப அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் பயமில்லாமல் புழங்கியவள் மனைவி ரோஷன் பீவி ஒருத்திதான். மூத்திரக் குழாயைக் கழுவுவாள், பையைக் கொட்டுவாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோறு பிசைந்து ஊட்டுவாள்.

நர்ஸ் ரப்பர் கையுறை கொண்டுவந்து கொடுத்தாள்.

“கட்டுன புருஷன ரப்பர் போட்டா தொடுவாங்க? இன்னா பேச்சும்மா இது,” என்று ரோஷன் பீவி அதை வாங்கி, ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டிவிட்டாள். நல்ல தரமான உறை. ஜாடிக்குள் ஒரு கிருமிகூடப் போகவில்லை.

டாக்டர் நிலைப்படியில் நின்றார். ஹலீம் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குச் சிரிப்பு பாதி முகத்தில்தான். அன்று அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

“அதே கிருமிதான் பாய். எந்த மருந்துக்கும் மசியல.”

பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தப்பாக இருக்கும் என்று கையை ஆட்டினார். இரண்டு தடவை பார்த்தாயிற்று என்று டாக்டர் தாளைக் காட்டினார். கூடம் இப்போதைக்குக் கிடையாது, வருத்தம்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஹலீம் மனைவியைப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் அறை அடுப்பாகக் கொதித்தது. அவளோ முக்காட்டுக்கு மேல் அவருடைய கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது. வெறும் குளிர்தான், ஒரு சுக்குக் காப்பியில் போய்விடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

நாக்கு புரண்டு ஒரு வார்த்தை வெளியே வர அவருக்கு எப்போதும் நேரமாகும். அன்றைக்கு முந்திக்கொண்டு வந்தது.

“டாக்டரம்மா, அந்தப் பாட்டில்ல இருந்தது என்னுது இல்ல. இவளுது.”

மறைவாக நிரப்பி, முந்தானைக்குள் கொண்டுவந்து, நர்ஸ் கண்ணில் படாமல் மாற்றி வைத்த காரியத்தை மனுஷன் இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று, நடுங்கிக்கொண்டே ரோஷன் பீவி அவரை முறைத்தாள்.